ஆறு மகன்களும் ஆள வேண்டும்: கொன்பவுங் வம்சத்தின் வாரிசுச் சிக்கல்

ஆற்றுமணல் எழுதியது:

பர்மாவின் கடைசி அரச மரபான கொன்பவுங் வம்சத்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், அது கடைசி மன்னர் திபாவின் கையாலாகாத்தனத்தில் தொடங்கி ஆங்கிலேயரின் பேராசையில் முடிந்துவிடுகிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 1885இல் விழுந்த அந்த மரத்தின் வேரில் கரையான் ஏறியது 1760ஆம் ஆண்டு மே மாதத்தில் என்பது என் கருத்து. அதை இங்கே விரிவாக வைக்க விரும்புகிறேன். மறுப்பு உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

வம்சத்தை நிறுவியவர் அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். மூ ஆற்றுச் சமவெளியில் மொக்சோபோ என்ற ஊரின் தலைவராக இருந்த அவுங் ஸேயா அவர். 1752இல் தெற்கிலிருந்து வந்த மோன் படைகள் ஆவா நகரைப் பிடித்து, தவுங்கூ வம்சத்தின் கதையை முடித்தன. வெற்றி பெற்றவர்கள் ஊர் ஊராக ஆள் அனுப்பி, தலைவர்களை விசுவாச நீர் பருகிச் சத்தியம் செய்யச் சொன்னபோது அவுங் ஸேயா மறுத்தார். சுற்றியிருந்த 46 ஊர்கள் அவரோடு சேர்ந்தன. பனை மரங்களை வெட்டி நட்டு ஊரைச் சுற்றி அரண் எழுப்பிய அந்த ஊர்த்தலைவர்தான் சில ஆண்டுகளில் அலவுங்பயா என்ற பெயரில் பர்மாவை மீண்டும் ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தார். 1754இல் ஆவா, 1755இல் டகோன், 1756இல் சிரியம், 1757இல் பெகு என்று வரிசையாக வீழ்ந்தன. டகோனுக்கு அவர் சூட்டிய பெயர்தான் யாங்கோன் (இரங்கூன்). பகை ஒழிந்தது என்பது அதன் பொருள்.

1760இல் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) தலைநகரான அயுத்தயாவை முற்றுகையிட்டிருந்தபோது நோயுற்று, திரும்பும் வழியில் மார்த்தபான் அருகே 45 வயதில் இறந்தார். வயிற்றுக்கடுப்பு என்று பர்மிய வரலாறு சொல்கிறது. பீரங்கி வெடித்துக் காயம்பட்டார் என்று சயாமியர் சொல்கிறார்கள். அவர் விட்டுச்சென்ற கடைசி விருப்பம்தான் நான் பேச வந்த செய்தி. பட்டத்தரசிக்குப் பிறந்த ஆறு மகன்களும் ஒருவர் பின் ஒருவராக அரியணை ஏற வேண்டும் என்றார் அவர்.

தகப்பனின் பாசமாகப் பார்த்தால் இதில் குறையில்லை. மூத்த பிள்ளைகள் அவரோடு சேர்ந்து போர்க்களம் கண்டவர்கள். ஆவாவை மீட்ட படையை நடத்தியபோது இரண்டாம் மகனுக்கு வயது 17. உழைத்தவர்களுக்கெல்லாம் பங்கு என்று ஊர்த்தலைவர் நினைத்திருப்பார். நிலமாக இருந்தால் பிரித்துக் கொடுத்திருக்கலாம். அரியணையைப் பிரிக்க முடியாததால் வரிசையில் நிற்க வைத்தார். அண்ணன் ஆளும்போது அவன் மகன் வளர்வான் என்பதையும், தம்பிக்குப் போக வேண்டியதைத் தன் மகனுக்குக் கொடுக்கவே எந்தத் தகப்பனும் நினைப்பான் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அதன்பின் நடந்தது 125 ஆண்டுப் பங்காளிச் சண்டை. பதினொரு மன்னர்களில் நால்வரை, அதாவது சிங்கு, பவுங்கா, பாஜீடோ, பகான் ஆகியோரை, அரியணையிலிருந்து இறக்கியவர்கள் அவர்களுடைய சொந்த இரத்த உறவினர்களே.

தேக்குத்தூண் எழுதியது:

ஆற்றுமணல் ஐயா, நல்ல இழையைத் தொடங்கியிருக்கிறீர்கள். எங்கள் பாட்டனார் ஐராவதி டெல்டாவில் வட்டித் தொழில் நடந்த ஒரு கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். வீட்டு முகப்புத் தூண்கள் பர்மாத் தேக்கு. அதனால் சிறு வயதிலிருந்தே இந்த மன்னர்களின் பெயர்கள் என் காதில் விழுந்தவை. உங்கள் வாதத்துக்கு அந்தப் பெயர்களே சாட்சி சொல்கின்றன என்று தோன்றுகிறது.

அலவுங்பயாவுக்குப் பின் வந்தவரை நவுங்டாஜி என்கிறோம். அரச அண்ணன் என்று பொருள். அவருக்குப் பின் தம்பி ஆண்டதால் வரலாற்றில் அவர் அண்ணனாக நின்றுவிட்டார். போதோபயா என்றால் அரச பாட்டனார்; பேரன் ஆட்சிக்கு வந்ததால் வந்த பெயர் அது. பாஜீடோ என்பது பெரியப்பாவைக் குறிக்கும் சொல். இவை எவையும் முடிசூடும்போது வைத்த பெயர்கள் அல்ல. பாலி மொழியில் நீண்ட பட்டப்பெயர்கள் அவர்களுக்குத் தனியே உண்டு. ஆனால் மக்களின் நாவில் நின்றவை, யாருக்கு அடுத்து யார் வந்தார் என்பதைக் காட்டும் உறவுமுறைப் பெயர்களே.

மற்றவர்களின் பெயர்கள் வேறு வகை. சிங்கு, தாராவதி, பகான், மிண்டோன், திபா என்பவை எல்லாம் ஊர்ப் பெயர்கள். இளவரசர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊரின் வருவாயை மன்னர் எழுதிக் கொடுப்பார். அதைப் பெறுபவருக்கு மியோசா என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஊரைத் தின்பவர் என்று பொருள். ஊர் எங்கோ இருக்கும். தின்பவர் தலைநகரில் இருப்பார். இளவரசர்களை வெளியூர்களுக்கு ஆள அனுப்பினால் அங்கே படை திரட்டிக் கலகம் செய்கிறார்கள் என்று, தவுங்கூ மன்னர்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே அவர்களை அரண்மனையைச் சுற்றிக் குடியமர்த்தினார்கள். கொன்பவுங் மன்னர்களும் அதையே பின்பற்றினார்கள். வெளியூர்க் கலகம் ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடிய அத்தனை பேரும் ஒரே மதிலுக்குள், ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். மன்னர் இருமினால் இருபது வீடுகளில் வாளை எடுத்துத் தீட்டுவார்கள்.

கடலோடி எழுதியது:

இருவர் எழுதியதும் படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் நான் உடன்படவில்லை.

வாரிசுச் சண்டை இல்லாத அரச குடும்பம் ஆசியாவில் எது? முகலாயர் வீட்டில் இல்லாததா? சகோதரனைக் கொன்று ஆட்சிக்கு வந்த மன்னர்கள் பேரரசுகளையே கட்டியிருக்கிறார்கள். கொன்பவுங் வம்சமும் அப்படித்தான் கட்டியது. இரண்டாம் மகனான சின்பியூஷின் காலத்தில், 1767 ஏப்ரலில், நானூறு ஆண்டுப் பழமை கொண்ட அயுத்தயாவை அழித்தார்கள். அதே ஆண்டுகளில் சீனாவின் சிங் பேரரசு 1765 முதல் 1769 வரை படைமேல் படையாக அனுப்பியது. அத்தனையையும் பர்மியர் முறியடித்துத் திருப்பினார்கள். இரண்டு முனைகளில், ஒரே சமயத்தில், இவ்வளவு செய்த அரசை உள்ளே கரையான் அரித்த அரசு என்று எப்படிச் சொல்வது?

வீழ்ச்சிக்குக் காரணம் கடல். மூன்று போர்களின் கணக்கைப் பாருங்கள். 1824இல் தொடங்கிய முதல் போர் 1826 பிப்ரவரி 24 அன்று யாண்டபோ உடன்படிக்கையில் முடிந்தபோது அரக்கான், தெனாசரிம் கரைகள் போயின. அசாம், மணிப்பூர் மீதான உரிமை போயிற்று. ஒரு கோடி ரூபாய் தண்டமும் கட்ட வேண்டியிருந்தது. வென்றவர்களுக்கும் அது எளிய போராக இருக்கவில்லை. அந்தப் படையில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் பெரும் பங்கு. ஏறத்தாழ 40,000 பேர் சென்றதில் 15,000 பேர் திரும்பவில்லை. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலும் கழிச்சலுமே. அதில் எத்தனை பேர் நம் ஊர்க்காரர்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. 1852இல் இரண்டு கப்பல் தலைவர்களுக்கு இரங்கூன் ஆளுநர் அபராதம் விதித்ததைச் சாக்காக வைத்துக் கீழ்ப் பர்மா முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். அன்றே கதை முடிந்துவிட்டது. துறைமுகமும் இல்லை, டெல்டாவின் நெல்லும் இல்லை. வறண்ட மேட்டு நிலத்தை வைத்துக்கொண்டு, தன் பழைய வயல்களில் விளைந்த அரிசியையே விலை கொடுத்து வாங்கித் தின்ற அரசு, எத்தனை ஒற்றுமையான குடும்பத்தின் கையில் இருந்திருந்தாலும் நின்றிருக்காது.

ஆற்றுமணல் எழுதியது:

கடலோடி அவர்களின் மறுப்பு கனமானது. கீழ்ப் பர்மாவின் இழப்பு நீங்கள் சொன்ன அளவுக்குப் பெரிது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த மூன்று போர்களும் எந்த நேரத்தில் வந்தன என்பதையும், அப்போது அரண்மனை என்ன நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் உங்கள் வலுவான சான்றையே எடுத்துக்கொள்கிறேன். அயுத்தயாவையும் சீனப் படைகளையும் வென்ற சின்பியூஷின், 1776இல் இறக்கும்போது தகப்பனின் விருப்பத்தை மீறித் தன் மகன் சிங்குவிடம் அரசை விட்டுச்சென்றார். உரிமை பறிபோன சிற்றப்பன்மார் இருக்கிறார்கள் என்பது சிங்குவுக்குத் தெரியும். அவர்களில் அமியின் இளவரசரைக் கொன்றார். பதோன் இளவரசரைச் சகாயிங்கில் கண்காணிப்பில் வைத்தார். 1782 பிப்ரவரியில் சிங்கு கோயிலுக்குப் போயிருந்தபோது, நவுங்டாஜியின் மகன் பவுங்கா அரண்மனையைப் பிடித்தார். மூத்தவர் வழி வந்தவன் நான் என்பது அவருடைய நியாயம். அந்த ஆட்சி ஒரு வாரம்கூட முழுதாக நிற்கவில்லை. பதோன் இளவரசர் புகுந்து தானே முடிசூடிக்கொண்டார். இறக்கப்பட்ட சிங்குவும், ஏறி இறங்கிய பவுங்காவும் அந்த மாதத்திலேயே உயிரிழந்தார்கள். அண்ணன் மகன், மற்றோர் அண்ணன் மகன், தம்பி என்று மூன்று பேருமே ஒரே தகப்பனின் சொல்லைக் காட்டியோ மீறியோதான் வந்தார்கள். ஒரே மாதத்தில் நாடு மூன்று மன்னர்களைக் கண்டது.

இப்படி வந்த பதோன் இளவரசர்தான் போதோபயா. 1819 வரை 37 ஆண்டுகள் ஆண்டார். இவரை நான் குறைத்துப் பேச மாட்டேன். தலைநகரை அமரபுரத்துக்கு மாற்றியவர். நாடு முழுவதும் ஊர் ஊராக நிலம், வரி, குடி, எல்லை ஆகியவற்றை விசாரித்துப் பதிய வைத்தவர். அரக்கானை 1784இன் முடிவில் வென்று மகாமுனி புத்தர் சிலையை மலை கடத்திக் கொண்டுவந்தவர். மிங்குனில் இவர் கட்டத் தொடங்கிய பகோடா முடிந்திருந்தால் 150 மீட்டர் உயர்ந்திருக்கும்; மூன்றில் ஒரு பங்கோடு செங்கல் மலையாக நின்றுவிட்டது. பக்கத்தில் தொங்கும் மணியின் எடை 55,555 விஸ், அதாவது ஏறத்தாழ 90 டன். நான் அங்கே சென்றபோது அந்த மணிக்கு அடியில் குனிந்து உள்ளே போய் நின்றேன். வெளியே ஒரு சிறுவன் மரக்கட்டையால் தட்டினான். ஓசை காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்டது.

இவ்வளவு வலிமை வாய்ந்த மன்னராலும் வாரிசு விதியை எழுத முடியவில்லை. தம்பிகளை ஒதுக்கித் தன் மகனைப் பட்டத்து இளவரசராக்கினார். அந்த மகன் 1808இல் இறந்தார். உடனே பேரனை அந்த இடத்தில் வைத்தார். உயிரோடிருந்த மற்ற மகன்கள் அதை விழுங்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அந்தப் பேரன் பாஜீடோ. முதல் ஆங்கிலப் போரில் தோற்றவர். தளபதி மகா பண்டுலா 1825 ஏப்ரல் 1 அன்று தனுபியூ கோட்டையில் குண்டுபட்டு இறந்தபின் அந்தப் படை எழவே இல்லை. தோல்விக்குப் பிறகு மன்னர் மனச்சோர்வில் மூழ்கினார். பட்டத்தரசி மே நூவும் அவர் தம்பியும் ஆட்சியை நடத்தினார்கள். 1837இல் மன்னரின் தம்பி தாராவதி கலகம் செய்து அண்ணனைச் சிறைவைத்தார். அடுத்த ஆண்டு அண்ணன் மகன் செத்சா இளவரசரைக் கொன்றார். 1840இல் மே நூவையும் அவர் தம்பியையும் கொன்றார். ஆங்கிலேயரிடம் இழந்ததை மீட்கப் படையைச் சீர்செய்ய வேண்டிய பத்து ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1852 போர் வந்தபோது அரியணையில் இருந்தவர் தாராவதியின் மகன் பகான். போர் நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய தம்பிகள் மிண்டோனும் கானவுங்கும் ஷ்வெபோவுக்கு (பழைய மொக்சோபோ) போய்க் கொடி உயர்த்தினார்கள். எதிரி பெகுவில் நிற்கிறான்; படை தலைநகரைப் பார்த்துத் திரும்புகிறது. கடலோடி அவர்களே, கடல் காரணம் என்கிறீர்கள். கடல் வழியே வந்தவன் ஒவ்வொரு முறையும் திறந்து கிடந்த வாசலைத்தான் கண்டான் என்கிறேன்.

தலைநகர் மாறிய கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷ்வெபோ, சகாயிங், ஆவா, அமரபுரம், மீண்டும் ஆவா, மீண்டும் அமரபுரம், பின் மாண்டலே. பெரும்பாலும் புதிய மன்னரோடு புதிய நகரம் வந்தது. ஒவ்வொரு முறையும் அரண்மனைத் தேக்கு மரங்களைக் கழற்றி வண்டியிலும் யானையிலும் ஏற்றினார்கள்.

செண்பகம் எழுதியது:

நான் இந்த வரலாற்றுக்குப் புதியவள். ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து நாடான சயாமிலும் பல அரசியர், பல இளவரசர், எழுதாத வாரிசு முறை என்ற அதே நிலைதானே? அங்கே சக்ரி வம்சம் இன்றும் இருக்கிறது. அவர்கள் எப்படித் தப்பினார்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

செண்பகம் அம்மா கேட்ட கேள்விதான் இந்த இழையின் உரைகல்.

சக்ரி வம்சம் தொடங்கியதும் 1782இல்தான். போதோபயா முடிசூடிய அதே ஆண்டு. பர்மியர் அயுத்தயாவை அழித்த சாம்பலிலிருந்து எழுந்த அரசு அது. அங்கும் வாரிசுச் சட்டம் கிடையாது. 1824இல் மன்னர் இரண்டாம் ராமர் வாரிசைச் சொல்லாமலே இறந்தார். அரசிக்குப் பிறந்த மகன் மோங்குத்துக்கு அப்போது இருபது வயது. ஆசை நாயகிக்குப் பிறந்த மூத்தவரோ அனுபவம் மிக்கவர். அமைச்சர்களும் இளவரசர்களும் கூடி மூத்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மோங்குத் சில நாட்களுக்கு முன்புதான் துறவு பூண்டிருந்தார். அவர் காவியைக் கழற்றவில்லை. 27 ஆண்டுகள் துறவியாகவே இருந்தார். பாலி படித்தார், இலத்தீன் படித்தார், வானியல் படித்தார், ஆங்கிலம் படித்தார். 1851இல் அண்ணன் இறந்ததும் அமைச்சர்கள் மடத்துக்கே போய் அவரை அழைத்துவந்தார்கள்.

காவி உடுத்தவன்மேல் கை வைப்பது பெரும்பாவம் என்பதால் மடம் அங்கே ஓர் அடைக்கலமாக இருந்தது. இதைத் தனிப் புண்ணியமாகச் சொல்லவும் நான் தயங்குகிறேன், ஏனென்றால் பர்மாவிலும் அதே புத்த சமயம்தான், அதே காவிதான். சயாமில் கூடுதலாக இருந்தது என்னவென்றால், தலைமுறை தலைமுறையாக அமைச்சுப் பதவிகளைப் பிடித்திருந்த புன்னாக் குடும்பம் போன்ற பெருங்குடும்பங்கள். மன்னர் மாறினாலும் அவர்கள் மாறவில்லை. யாரை ஏற்றினாலும் இரத்தம் சிந்தாமல் ஏற்றுவது அவர்களுக்கே நன்மை. பர்மாவில் அமைச்சர் பதவி மன்னரோடு வந்து மன்னரோடு போவது.

சயாமிலும் 1874இன் முடிவில் மன்னர் சுலலாங்கோனுக்கும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த முன்அரண்மனை இளவரசருக்கும் இடையே போர் மூளும் நிலை வந்தது, மயிரிழையில் தப்பினார்கள். 1885இல் அந்த இளவரசர் இறந்ததும், சுலலாங்கோன் அந்தப் பதவியையே ஒழித்து, தன் மகனைப் பட்டத்து இளவரசராக அறிவித்தார். பர்மிய மன்னர் கப்பலேறிய அதே 1885. எழுத்து வடிவில் வாரிசுச் சட்டம் 1924இல் வந்தது.

கடலோடி எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா தந்த ஒப்பீடு என்னை யோசிக்க வைக்கிறது. ஆனாலும் சயாமுக்கு ஒரு வசதி இருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலேயர், மறுபக்கம் பிரெஞ்சுக்காரர். இருவருக்கும் நடுவே ஒரு தனி நாடு இருப்பது இருவருக்கும் தேவைப்பட்டது. பர்மாவுக்கு அந்த இடம் வாய்க்கவில்லை.

மேலும் மிண்டோனை நாம் மறந்துவிடக் கூடாது. தான் இறக்கிய அண்ணன் பகானைக் கொல்லாமல் விட்டார். அவர் மிண்டோன் இறந்த பிறகும் உயிரோடிருந்தார். தம்பி கானவுங்கைப் பட்டத்து இளவரசராக்கிப் படையையும் தொழிற்சாலைகளையும் அவரிடம் ஒப்படைத்தார். மியோசா முறைக்குப் பதிலாக வீட்டு வரி போட்டு அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுக்க முயன்றார். மயில் பொறித்த நாணயம் அடித்தார். பெகுவை, அதாவது கீழ்ப் பர்மாவை, விட்டுக்கொடுத்ததாக ஒரு தாளிலும் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. பங்காளிப் பகையை உடைத்த மன்னர் ஒருவர் இருந்தாரே?

ஆற்றுமணல் எழுதியது:

இருந்தார். அந்த வம்சத்திலேயே நான் மிகவும் மதிக்கும் மன்னர் அவர்தான். மாண்டலே மலையடிவாரத்தில் குத்தோடா கோயிலைச் சுற்றித் திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளில் பொறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வெண்ணிறக் கோயில் எழுப்பியவர். ஏடு எரியும், கல் எரியாது என்று நினைத்திருப்பார் போலும். அப்படிப்பட்டவரையும் அந்தப் பகை விடவில்லை என்பதுதான் என் வாதத்தின் மையம்.

தம்பியைப் பட்டத்து இளவரசராக்கியது மகன்களுக்குப் பொறுக்கவில்லை. 1866 ஆகஸ்ட் 2 அன்று மியிங்குன், மியிங்கொண்டாயிங் என்ற இரு மகன்கள், ஆலோசனையில் அமர்ந்திருந்த சிற்றப்பன் கானவுங்கை வெட்டிக் கொன்றார்கள். தகப்பனையும் கொல்லத் தேடினார்கள், மிண்டோன் தப்பினார். ஆறு பிள்ளைகளின் தகப்பன் சொன்ன அண்ணன் தம்பி வரிசையை, நூறாண்டுகள் கழித்து ஒரு நல்ல மன்னர் மனமுவந்து பின்பற்றியபோது அது இப்படி முடிந்தது.

அன்று முதல் மிண்டோனுக்கு வாரிசைச் சொல்லவே அச்சம். யாரைச் சொன்னாலும் அவனைக் கொல்வார்கள், அல்லது அவன் மற்றவர்களைக் கொல்வான். நாற்பதுக்கும் மேற்பட்ட அரசியர், நூறைத் தொடும் பிள்ளைகள். பன்னிரண்டு ஆண்டுகள் வாய் திறக்காமலே ஆண்டார்.

1878 செப்டம்பரில் அவர் படுக்கையில் விழுந்தபோது, தகப்பன் அழைப்பதாகச் சொல்லி இளவரசர்களை வரவழைத்து அடைத்தார்கள். நியவுங்யான் இளவரசரும் அவர் தம்பியும் மட்டும் பொறியை உணர்ந்து ஆங்கிலப் பிரதிநிதியின் மாளிகைக்குத் தப்பி ஓடினார்கள். விவரம் மிண்டோனின் காதுக்கு எட்டியதும் மகன்களை விடுவிக்கச் சொன்னார். மூத்தவர் மூவரை நாட்டின் மூன்று பகுதிகளுக்கு ஆளுநராக்கி, உடனே தலைநகரை விட்டுப் போய்விடச் சொன்னார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இளவரசர்களைத் தலைநகரிலேயே கட்டிவைத்த வழக்கத்தை அவர் சாவுப் படுக்கையில் அவிழ்க்கப் பார்த்தார். படுத்துக் கிடக்கும் மன்னரின் ஆணை அறைக்கு வெளியே செல்லவில்லை. மகன்களை மீண்டும் அடைத்தார்கள். அக்டோபர் 1 அன்று மிண்டோன் இறந்தார்.

திபாவை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மூத்த அமைச்சர் கின்வுன் மிஞ்ஜி 1872இல் இலண்டனும் பாரிசும் போய் வந்தவர். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மன்னர் வேண்டும் என்று விரும்பியவர். வலிமையான இளவரசர் வந்தால் அது நடக்காது. எனவே மடத்தில் வளர்ந்த, சமயத் தேர்வில் தேறிய, படைப்பழக்கமோ ஆதரவாளர்களோ இல்லாத பத்தொன்பது வயது இளைஞரான திபாவை ஏற்றுக்கொண்டார். முடிசூட்டியதும் ஐரோப்பிய முறையில் பதினான்கு துறைகளை அமைத்தார். ஆக, திபா பலவீனமானவராக இருந்தது தற்செயல் அன்று, பலவீனத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆனால் பலவீனமான மன்னரை அமைச்சர் மட்டுமா பயன்படுத்துவார்? சில மாதங்களில் அதிகாரம் அரசி சுபயாலத்தின் கைக்கும் தாயிங்டா அமைச்சரின் கைக்கும் போய்விட்டது.

1879 பிப்ரவரியில், அடைபட்டுக் கிடந்த இளவரசர், இளவரசியர், குழந்தைகள் என ஏறத்தாழ 80 பேரைக் கொன்றார்கள். அரச இரத்தம் மண்ணில் விழக்கூடாது என்பது வழக்கம். அதனால் சிவப்பு வெல்வெட் பைகளில் போட்டுக் கட்டி அடித்தார்கள் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

செண்பகம் எழுதியது:

படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். இந்தக் கொலைகளுக்கெல்லாம் சுபயாலத் அரசிதான் காரணம் என்று நான் படித்திருக்கிறேன். அது உண்மையா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சுபயாலத்துக்கு அப்போது வயது இருபதுகூட ஆகவில்லை அம்மா. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு ஒரு கொடிய அரசி தேவைப்பட்டாள், பிடித்துக்கொண்டார்கள். பின்னாளில் அவர் அதிகாரம் செலுத்தியது உண்மை. ஆனால் 1878, 1879 நிகழ்வுகளில் பெரிய கை அவர் தாயார் சின்பியூமாஷின் அரசியுடையது. அந்த அம்மையாரின் பிறப்பைப் பாருங்கள். பாஜீடோ மன்னருக்கும் மே நூவுக்கும் பிறந்த மகள் அவர். ஆற்றுமணல் ஐயா மேலே எழுதினாரே, 1840இல் தாராவதி கொன்ற மே நூ, அந்தத் தாயின் மகள். தாயைக் கொன்றவரின் மகனுக்கே, அதாவது மிண்டோனுக்கு, பின்னர் மனைவியானார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. மிண்டோனின் பிள்ளைகளில் வலிமையான எவர் வந்தாலும் தன் கதியும் தன் மகள்களின் கதியும் என்னவாகும் என்பதைத் தன் தாயின் முடிவிலிருந்தே அவர் அறிந்திருந்தார். செய்தது பெருங்கொடுமை, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் மனத்தில் இருந்தது வெறும் ஆசை என்று எழுதுவது பாதி உண்மைதான்.

தேக்குத்தூண் எழுதியது:

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1885இல் தேக்கு வெட்டும் ஆங்கில நிறுவனமான பம்பாய் பர்மா வணிகக் கழகம் கணக்கில் ஏமாற்றியது என்று அரசவை 23 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. பிரெஞ்சுக்காரரோடு உடன்படிக்கை செய்திருந்ததும் ஆங்கிலேயரை உறுத்தியது. நவம்பர் 14 அன்று தொடங்கிய போர் இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. 29ஆம் நாள் திபாவும் சுபயாலத்தும் மாட்டுவண்டியில் ஆற்றங்கரைக்குச் சென்று, தூரியா என்ற கப்பலில் ஏறினார்கள். தூரியா என்றால் சூரியன். சென்னையில் சில மாதங்கள் வைத்திருந்து, 1886இல் மேற்குக் கரையிலுள்ள இரத்தினகிரிக்குக் கொண்டுபோனார்கள். 1916 டிசம்பரில் திபா அங்கேயே இறந்தார். சுபயாலத் 1919இல் இரங்கூனுக்குத் திரும்பி 1925இல் இறந்தார்.

கடலோடி ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாட்டை இணைத்துக்கொள்ளாமல் வேறொரு இளவரசரை உட்கார வைக்கலாம் என்ற யோசனையும் ஆங்கிலேயரிடம் இருந்தது. அதற்குப் பொருத்தமானவராகக் கருதப்பட்ட நியவுங்யான் இளவரசர் அதே 1885இல் கல்கத்தாவில் இறந்துவிட்டார். சிற்றப்பனைக் கொன்ற மியிங்குன் இளவரசரோ பிரெஞ்சுக்காரரின் பக்கம் போய், நம் புதுச்சேரியில் சில காலம் தங்கி, பின்னர் சைகோனில் முதுமை அடைந்து இறந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் 1879இலேயே மண்ணுக்குள் போய்விட்டார்கள். உட்கார வைக்கப் பொருத்தமான ஆள் இல்லை.

கடலோடி எழுதியது:

தேக்குத்தூண் ஐயா சொன்ன கடைசிச் செய்தி எனக்குப் புதிது. கடல்தான் அடிப்படை என்பதில் இன்னும் மாறவில்லை. ஆனால் 1886 ஜனவரி 1 அன்று மேற்பர்மா ஒரு காப்பரசாகக்கூட எஞ்சாமல் போனதற்கு அந்த எண்பது உயிர்களும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆற்றுமணல் எழுதியது:

நன்றி கடலோடி அவர்களே. கீழ்ப் பர்மா போனபின் எந்த மன்னருக்கும் வழி குறுகலாகத்தான் இருந்திருக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மாண்டலே சென்றால் பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அகழிக்குள் இப்போது நிற்கும் அரண்மனை 1990களில் திரும்பக் கட்டியது. பழையது 1945 மார்ச்சில் போரில் எரிந்து சாம்பலாயிற்று. ஆனால் மதிலுக்கு வெளியே, மலையடிவாரத்தில், ஷ்வேனந்தா என்ற மடம் இருக்கிறது. முழுவதும் தேக்கு. ஒரு காலத்தில் அது அரண்மனைக்குள் மிண்டோன் தங்கியிருந்த மாளிகை. அவர் உயிர் பிரிந்தது அதற்குள்தான். தகப்பனின் ஆவி அங்கே உலவுவதாக நம்பிய திபா, அதைப் பலகை பலகையாகப் பிரித்து வெளியே கொண்டுபோய் மடமாகக் கட்டித் துறவிகளுக்குக் கொடுத்தார். அதனால்தான் அது தீயிலிருந்து தப்பியது.

வெளிச் சுவர்களின் சிற்பங்கள் மழையிலும் வெயிலிலும் கறுத்து, விரல் வைத்தால் நார் நாராக வருகின்றன. உள்ளே போனால் தூண்களிலும் கூரையிலும் பொன் இன்னும் இருக்கிறது. நான் போன மாலையில் ஒரு முதிய துறவி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மிண்டோன் எங்கே படுத்திருந்தார் என்று துணைக்கு வந்தவர் மூலம் கேட்டேன். அவர் துடைப்பத்தை ஒரு தூணில் சாய்த்துவிட்டு, நடுக்கூடத்தில் ஓரிடத்தைக் காட்டினார். பிறகு அந்த இடத்தையும் பெருக்கினார்.